தட்டு மேடமும் வக்கீலும்

தட்டு விழுகிறது. சாதாரண எவர்சில்வர் தட்டு. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டால் முதலில் பளீரென்று ஓர் அறை, பிறகு சுழன்று சுழன்று அடங்கும் நீண்ட சத்தம். அது அடங்குவதற்குள் நான்கு கூண்டுகளில் நான்கு காரியங்கள் நடந்து முடிந்துவிடும். முதல் கூண்டின் லாப்ரடார், பெயர் பஞ்சு, தட்டில் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று வாலை ஆட்டிக்கொண்டு வரும். இரண்டாவது கூண்டின் பெல்ஜியன் மாலினாய்ஸ், பெயர் மிளகு, தட்டு இரண்டாம் சுற்று சுற்றுவதற்குள் கம்பிமேல் பாய்ந்திருக்கும். மூன்றாவதில் ராட்வைலர், பெயர் மேனேஜர். ஒரு கண்ணை மட்டும் திறந்து, போட்டது யார் என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். நான்காவதில் இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டு தட்டைப் பார்ப்பதே இல்லை. தட்டைப் போட்டவரின் முகத்தைப் பார்க்கும். ‘இதற்கு நான் இப்போது என்ன செய்ய வேண்டும், எந்த அடிப்படையில்?’ என்ற கேள்வி அதன் இரண்டு காதுகளிலும் விறைத்து நிற்கும். பெயர் வக்கீல்.

போட்டவர் குனிந்து தட்டை எடுத்து, கால்சட்டையில் துடைத்து, ஆணியில் மாட்டுகிறார். தினமும் காலை ஆறரைக்கு இது நடக்கும். பஞ்சு வராவிட்டால் வயிறு சரியில்லை. மிளகு பாயாவிட்டால் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. மேனேஜர் இரண்டு கண்ணையும் திறந்தால் தெருவுக்கு யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். “நாய்ங்க ரிப்போர்ட் எழுதிக் குடுக்காதுங்க. நாமதான் தட்டைப் போட்டு வாங்கிக்கணும்,” என்கிறார்.

தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம், ஓடாத வண்டிகளை நிறுத்திவைத்த கொட்டகையும் அதையொட்டிய மைதானமும் இவருடைய ராஜ்ஜியம். கட்டடம் இடிந்து உள்ளே சிக்கியவர்களை மோப்பத்தால் தேடும் நாய்களைப் பழக்குவது வேலை. வயது ஐம்பத்து மூன்று, உயரம் ஐந்தடி, கழுத்தளவு வெட்டிய நரைமுடி. சட்டையில் எட்டுப் பைகள். எந்தப் பையில் பந்து, எந்தப் பையில் உடைத்த பிஸ்கட் என்று நான்கு நாய்களுக்கும் தெரியும். இவருக்குத்தான் அடிக்கடி மறந்துபோகிறது. நிலையத்து ஆட்கள் முகத்துக்கு நேரே ‘மேடம்’ என்கிறார்கள். இவர் கதவைத் தாண்டியதும் ‘தட்டு மேடம்’ ஆகிவிடுகிறார். அது இவருக்கும் தெரியும். வெறும் மேடம் என்றால் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தட்டு மேடம் தான் ஒருத்திதானே என்று கேட்கிறார்.

நாயை ‘அது’ என்று சொன்னால் திருத்துகிறார். பஞ்சுவும் மிளகும் ‘அவள்’. வக்கீல் ‘அவன்’. மேனேஜர் மட்டும் ‘அவர்’. ஏன் என்று கேட்டால், “அவர்கிட்ட போய் நீங்களே கேட்டுப் பாருங்க,” என்கிறார்.

மனிதர்களின் பெயர் இவருக்கு நிற்பதில்லை. சாதி மட்டும் நிற்கிறது, நாய்ச்சாதி. நிலைய அதிகாரி ஒரு ராட்வைலர்: உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை நடக்க வேண்டும். பால் கொண்டுவருகிறவர் மாலினாய்ஸ்: மணி அடித்துவிட்டுக் கதவு திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பார். கட்டிய கணவர் லாப்ரடார். கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மெல்லிய மனிதர் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. “சாப்பாட்டை வெச்சுச் சொல்றா,” என்று விளக்கம் மட்டும் தருகிறார்.

இனங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவரை நிறுத்துவது கடினம். நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே ஓடுவார், குறிப்பெடுப்பவர் பின்னால் ஓட வேண்டும். “லாப்ரடாருக்குச் சொல்லிக் குடுக்கும்போது நீங்க பத்துத் தடவை தப்புப் பண்ணலாம், மன்னிச்சிடுவா. மாலினாய்ஸுக்கு மன்னிப்பெல்லாம் தெரியாது. தப்பா ஒரே தடவை சொல்லிக் குடுத்தீங்கன்னா, அந்தத் தப்பை அவ்ளோ அழகா கத்துக்குவா, ஆயுசுக்கும் மாத்த முடியாது. மேனேஜருக்கு எல்லாமே தெரியும். செய்யறது அவரு இஷ்டம்.” இந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்பார். குரல் ஒரு படி இறங்கும். “வக்கீல் வேற. இவனுக்கு வார்த்தையே வேணாம். நம்ம மூஞ்சியைப் படிச்சிடுவான்.”

வக்கீலைப் பற்றிப் பேசும்போது இவர் கண்கள் பளபளக்கின்றன. மற்ற மூன்றும் மாணவர்கள். இவன் செல்லப்பிள்ளை.

இவர் பிறவி நாய்க்காரர் அல்ல. பதினெட்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கற்பவருக்குப் பக்கத்து இருக்கை, காலடியில் ஆசிரியருக்கென்று ஒரு இரண்டாவது பிரேக், அதன்மேல் எப்போதும் தயாராக வலது கால். பதினெட்டு வருடத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பது பெருமை. அங்கே கற்க வந்த ஒரு தீயணைப்பு வீரர் ஒருநாள் தன் நாயையும் பின் இருக்கையில் ஏற்றிவந்தார். “நான் பிரேக் போடறதுக்கு ஒரு நொடி முன்னாடியே அந்த நாய் நாலு காலையும் ஊணிக்கிச்சுங்க. ஒவ்வொரு தடவையும். கண்ணாடியில பாத்துக்கிட்டே இருந்தேன். இவ்ளோ புத்திசாலியை விட்டுட்டு இந்த மனுஷங்களோட என்ன பண்ணிட்டிருக்கோம்னு தோணிச்சு.” அடுத்த மாதமே டிரைவிங் ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டார். இந்தக் கதையை வருகிற எல்லாரிடமும் சொல்கிறார். நாயின் புத்திக்கு உதாரணமாக.

மைதானத்தில் மூன்று குவியல்கள் இருக்கின்றன. உடைந்த கான்கிரீட் பலகைகள், இரும்புப் பீப்பாய்கள், ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு சிமெண்டுக் குழாய், கதவில்லாத பீரோ ஒன்று. காலையில் கடைக்குப் போகும் முன் கணவர் இவற்றில் ஒன்றுக்குள் புகுந்து படுத்துக்கொள்வார். நாய் அவரைத் தேட வேண்டும். கண்டுபிடித்தால் அந்த இடத்திலேயே நின்று குரைக்க வேண்டும். மிளகு மூன்று குவியலையும் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, கேட்காமலேயே ஒரு டயரையும் கிழித்துவைப்பாள். பஞ்சு அடுக்களைக்குள் நுழைந்தவள்போல ஒவ்வொரு ஓட்டையாக மூக்கை விட்டுப் பார்ப்பாள். மேனேஜர் தேடுவதில்லை; வாசலில் அமர்ந்து, தேடுகிறவர்கள் ஒழுங்காகத் தேடுகிறார்களா என்று பார்ப்பார்.

வக்கீல் பத்தடி போவான், திரும்பி இவரைப் பார்ப்பான், மறுபடி பத்தடி. கோடு போட்டதுபோல நேராகக் கணவரிடம் போய் நின்று குரைப்பான். இந்த மைதானத்தில் நாற்பதுக்கு நாற்பது.

தேர்வில் பூஜ்யம்.

அதுதான் தட்டு மேடத்தைத் தின்றுகொண்டிருந்த விஷயம். இடிபாட்டுத் தேடலுக்கு நாய் ஒரு தேர்வில் தேற வேண்டும். மூன்று வாய்ப்புகள்தான். வக்கீல் இரண்டில் தோற்றிருந்தான். முதல் முறை எதிர்க்காற்று என்றார் இவர். இரண்டாம் முறை தேர்வாளர் பூசியிருந்த சென்ட்டு என்றார். மூன்றாவது தேர்வுக்கு ஒன்பது நாட்கள் இருந்தபோதுதான் இவரைப் பற்றி எழுத நான் போய்ச் சேர்ந்தேன். அதிலும் தோற்றால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். சரக்குக் கிடங்கு ஒன்றின் வாசலில் சங்கிலியில் கட்டிக் காவலுக்குப் போடுவார்கள். அதற்கான கடிதம் நிலைய அதிகாரியின் மேஜையில் தயாராக இருந்தது. அதிகாரி கெட்டவர் அல்ல. இனிமேல் எல்லா நிலையங்களிலும் மாலினாய்ஸ்தான், ஷெப்பர்டு காலம் முடிந்துவிட்டது, மேடம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று என்னிடமும் சொன்னார்.

அன்று காலை வக்கீல் மூன்றே நிமிடத்தில் கணவரைக் கண்டுபிடித்தான். “பாத்தீங்களா? இவனைப் போய்ச் சங்கிலியில கட்டுவாங்களாம்,” என்றார் தட்டு மேடம். குழாயிலிருந்து முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்த கணவரிடம், உள்ளே படுத்திருக்கும்போது என்ன தெரியும் என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன்.

“ஒண்ணும் தெரியாதுங்க. சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கு. அது வழியா இவ காலு மட்டும் தெரியும்.”

பொழுது எப்படிப் போகும்?

“அதையேதான் பாத்துட்டிருப்பேன். வக்கீல் தப்பான பக்கம் போனா இவ வலது ஷூ முன்பக்கம் மண்ணுல அழுந்தும். சரியான பக்கம் திரும்பிட்டான்னா லேசா தூக்கும். கிட்ட வர வர நல்லாத் தூக்கும். அதை வெச்சே நான் எழுந்துக்கத் தயாராயிடுவேன்.”

தட்டு மேடம் தன் காலைப் பார்த்தார். ஷூவின் நுனி தரையில் ஆழமாக அழுந்தியிருந்தது.

“என்னங்க சொல்றீங்க?”

“ஏன், அது உன் டெக்னிக் இல்லையா?”

“எவ்ளோ நாளா பாக்கறீங்க?”

கடிகாரக்காரர் யோசித்தார். தொழில் சுத்தமாக விடை சொன்னார். “ரெண்டு வருஷம், மூணு மாசம்.”

பக்கத்துக் கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். தட்டு மேடம் சிரிக்கவில்லை. வக்கீல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது பிரேக் கார் இல்லாமலேயே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. மைதானத்தில் கணவர் ஒளிந்த இடம் இவருக்குத் தெரியும்; அது காலில் தெரிந்தது; காலை வக்கீல் படித்தான். தேர்வில் ஒளிந்த இடம் இவருக்குத் தெரியாது. படிக்க ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் அன்று விடுப்பு எடுத்திருப்பார்கள். இவர் அரை மணி நேரத்தில் இரண்டு வாளி நிறைய மணல் கொண்டுவந்து, வாளிக்கு ஒரு காலாக உள்ளே விட்டு நின்றுகொண்டார். கணவர் மறுபடி குழாய்க்குள் போனார். வக்கீல் வாளிகளைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான், பிறகு தோளைப் படித்து நேராகப் போய்விட்டான். மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மூச்சைப் படித்துவிட்டுப் போனான். வாளிக்குள் நின்றபடியே என்னிடம் சொன்னார்: “நான் பழக்கறவ இல்லீங்க. லீக் ஆன கேள்வித்தாளு.”

அன்றிலிருந்து எங்கே ஒளிவது என்பது கணவரின் சொந்த முடிவு. மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது. முதல் நாள் வக்கீல் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தான். இவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இருவரும் பதினோரு நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பீப்பாய்க்குள்ளிருந்து, கடை திறக்க நேரமாகிவிட்டது, தானே வெளியே வந்துவிடட்டுமா என்று ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வக்கீல் சலித்துப்போய் ஒரு தும்மல் போட்டான். தும்மலுக்காகக் கீழே இறங்கிய மூக்கு அங்கேயே நின்றது. அதன் பின்னால் உடம்பு நகர்ந்தது. ஒன்பது நிமிடத்தில் கண்டுபிடித்தான். நான்காம் நாள் ஆறு நிமிடம். தட்டு மேடம் மைதானத்தைச் சுற்றி ஓடினார். எட்டுப் பைகளிலிருந்தும் எல்லாம் கொட்டின. பஞ்சுவுக்கு அன்று பண்டிகை.

ஐந்தாம் நாள்தான் உண்மையான அடி விழுந்தது. வக்கீல் ஒரு பீப்பாயின்முன் நின்று கம்பீரமாகக் குரைத்தான். இவர் ஓடிப்போய் மூடியைத் திறந்தார். காலி. கணவர் எதிர்ப்பக்கம் பீரோவுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தார்.

தட்டு மேடம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்று பீப்பாய்க்குள்தான் இருப்பார் என்று தான் மனதுக்குள் ஊகித்ததாகச் சொன்னார். வெறும் ஊகம். வாயைத் திறக்கவில்லை. “நான் தப்பா நெனச்சதையும் அவன் செஞ்சு காட்டறான். மோப்பம் இல்லாத இடத்துல குரைச்சான்னா என்ன அர்த்தம்? எனக்காகப் பொய் சொல்றான். உள்ளே ஒரு உயிர் இருந்து, இவன் என் மூஞ்சியைப் பாத்து வேற இடத்துல குரைச்சா?” வக்கீலின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மிளகு என்னை மதிக்கவே மாட்டா. அதனால என் தப்பு அவளுக்கு ஒட்டல. இவன் மதிக்கறான். அதான் வினையே.”

இத்தனை காலம் இவர் எதை வக்கீலின் தனிச்சிறப்பு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரோ, அதுவே அவனைக் கிடங்கு வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் நாலு நாட்கள். ஊகிக்காமல் இருக்கப் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வாய்ப்பாடு ஒப்பித்துப் பார்த்தார். பதினேழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் கண் தானாகக் குவியல் பக்கம் போனது. ஒருநாள் சரி, ஒருநாள் தப்பு என்று போய்க்கொண்டிருந்தபோதே தேர்வு நாள் வந்துவிட்டது.

பாதி இடித்துப்போட்ட ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் தேர்வு. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே எல்லா நிலையங்களின் ஆட்களும், எதிர் மாடிகளில் காபிக் கோப்பையோடு நின்ற பொதுமக்களும், கடைக்கு விடுப்பு விட்ட கடிகாரக்காரரும். தேர்வாளர் உயரமான பெண்மணி. கழுத்தில் ஸ்டாப்வாட்சும் விசிலும். விதி எளிமையானது. உள்ளே மூன்று பேர் ஒளிந்திருப்பார்கள். இருபது நிமிடத்தில் இருவரையாவது கண்டுபிடிக்க வேண்டும். நாய் குரைத்ததும் அதைப் பழக்கியவர் கையைத் தூக்கி உறுதி சொல்ல வேண்டும். ஆளில்லாத இடத்துக்கு ஒருமுறை கை தூக்கினாலும் தேர்வு முடிந்தது.

வேறு நிலையத்து மாலினாய்ஸ் ஒன்று ஏழு நிமிடத்தில் மூவரையும் எடுத்துவிட்டுத் தேர்வாளரின் அட்டையையும் கவ்விக்கொண்டு ஓடியது. மாடிகளில் கைதட்டல். அடுத்து வந்த லாப்ரடார் இருவரையும், யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு டிபன் பாக்ஸையும் கண்டுபிடித்தது. அதற்கும் கைதட்டல். ஒவ்வொரு நாய்க்கும் ஆட்கள் இடம் மாறி ஒளிந்தார்கள். பிறகு வக்கீல்.

ஆறாவது நிமிடம் மாடிப்படிக்கு அடியில் ஒருவர். சுத்தமான வேலை. தட்டு மேடத்தின் கை உயர்ந்தது, விசில் ஒலித்தது, ஆள் வெளியே வந்தார். கடிகாரக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஒன்பதாவது நிமிடம் எல்லாம் நின்றது. வக்கீல் நடுமுற்றத்தில் நின்று திரும்பி இவரைப் பார்த்தான். இடது பக்கம் பெரிய பலகைக் குவியல். அதன்முன் புழுதியில் ஏதோ இழுத்த புதுத் தடம். அங்கேதான் ஆள் என்று கயிற்றுக்கு வெளியே நின்ற எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. தட்டு மேடத்துக்கும் தோன்றியிருக்க வேண்டும். ஷூவின் நுனி மெல்லத் தூக்க ஆரம்பித்தது.

அவர் கீழே பார்த்தார். அப்படியே முழு உடம்பையும் திருப்பி, முற்றத்துக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். எங்கள் முகங்களிலும் இடது பக்கம் என்று எழுதியிருந்ததோ என்னவோ, உடனே கண்களையும் மூடிக்கொண்டார்.

கூட்டத்தில் சலசலப்பு. ஆள் மனம் உடைந்துபோய் விட்டுவிட்டார் என்று மாடியில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நிலைய அதிகாரி, “என்னய்யா இது, நாயை விட்டுட்டு நம்மளைப் பாத்து நிக்கறாங்க,” என்று முணுமுணுத்தார். முற்றத்தில் வக்கீல் தலையை ஒருபுறம் சாய்த்தான். முதுகில் படிக்க ஒன்றுமில்லை. இவரை நோக்கி ஒருமுறை குரைத்தான். சுற்றிவந்து முகத்தைப் பார்க்கலாமா என்று நாலடி வந்தான். நின்றான். பதினொன்று. பன்னிரண்டு. தேர்வாளரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சின்மேல் இருந்தது.

பிறகு மூக்கு இறங்கியது. இடது குவியலை ஒரு சுற்று சுற்றினான், நிற்காமல் கடந்தான். கூட்டம் ‘அய்யோ’ என்றது. வலது கோடிக்குப் போனான். அங்கே உயரமில்லாத ஒரு செங்கல் மேடு, மேலே சில ஜன்னல் கம்பிகள், வெட்டவெளி. ஒரு பூனை ஒளியக்கூட இடம் இருப்பதாகத் தெரியவில்லை. வக்கீல் கம்பிகளுக்கு இடையே முகத்தை விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். வால் நின்றது. குரைக்க ஆரம்பித்தான். கேள்வியே இல்லாத குரைப்பு.

“போச்சு,” என்றார் நிலைய அதிகாரி. “அங்க என்ன இருக்கு?”

தேர்வாளர் நடந்துவந்து தட்டு மேடத்தின் பக்கத்தில் நின்றார். கனிவாகத்தான் கேட்டார்: “உறுதி சொல்றீங்களா மேடம்? ஒருதடவை திரும்பிப் பாத்துட்டே சொல்லலாம். இன்னும் ரெண்டரை நிமிஷம் இருக்கு.”

“வேணாங்க,” என்றார். “அவன் பாத்துட்டான்.”

கை மேலே போனது.

விசில் ஒலித்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது நொடியில் செங்கல் மேட்டின் நடுவே ஒரு பலகை நகர்ந்தது. சுண்ணாம்பு படிந்த ஐந்து விரல்கள் கம்பிகளுக்கு நடுவே வெளியே வந்தன. மாடிகள் கத்தின, கயிறு அறுந்தது, கடிகாரக்காரர் ஓடினார், நிலைய அதிகாரி தொப்பியைக் கழற்றினார். இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே தட்டு மேடம் கண்களை இறுக மூடிக்கொண்டு, முற்றத்துக்கு முதுகைக் காட்டியபடி, தூக்கிய கையை இறக்காமலேயே நின்றுகொண்டிருந்தார்.